வாசகர் கேள்வி – பதில்: கழிவு போய்ச் சேரும் இடம்

கழிவு மேலாண்மை குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களிலிருந்து வந்தவை. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக ஆக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடக்கூடாது என்று உத்தரவு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பொது சுத்திகரிப்பு நிலையங்களும் ஓடுகின்றன. ஆனாலும் நொய்யல் ஆற்றை ஒட்டிய எங்கள் தோட்டத்துக் கிணற்றில் உப்பு குறைந்தபாடில்லை. உத்தரவு காகிதத்தோடு சரிதானா?
– விவசாயி, சென்னிமலை

காகிதத்தோடு நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் கிணற்றில் இருக்கும் உப்பில் பெரும்பகுதி அந்த உத்தரவுக்கு முந்தையது. அது ஏன் இன்னும் போகவில்லை என்பதை அறிய, அது எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது நூலும் சாயமும் தண்ணீருக்குள் ஒரே வகை மின்னேற்றத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளுதலைத் தணித்துச் சாயத்தை நூலின் பக்கம் ஓட்டுவதற்காகவே உப்பைப் போடுகிறார்கள். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரைகூடப் போட வேண்டியிருக்கும். துணி அந்த உப்பை வாங்கிக்கொள்வதில்லை. போட்ட உப்பு அத்தனையும், நூலில் ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தோடு சேர்ந்து, தொட்டியைவிட்டு வெளியே வந்தே தீரும். பழைய முறைச் சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு நிறத்தை ஓரளவு இறக்கினார்கள்; நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்ன வைத்தார்கள். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது, சுண்ணாம்பும் இறக்காது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு ஏட்டில் இருந்தது. நிறம் போய்விட்டதால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று பார்ப்பவர்கள் நம்பினார்கள்; கரையோரத்துக் கிணறுகள் நம்பவில்லை.

பாசனத்துக்காக நொய்யலில் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியதையும், எந்த ஆயக்கட்டுக்காக அணை கட்டப்பட்டதோ அதே ஆயக்கட்டு விவசாயிகள் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குப் போனதையும் உங்கள் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வழக்குகளின் தொடர்ச்சியாகத்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாறியவை மட்டுமே பிறகு திறக்கப்பட்டன.

அந்த முறையில் நிறமும் அழுக்கும் நீங்கிய தண்ணீரை ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தி, நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சவ்வு தாண்டாமல் நின்ற உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி வற்றவைத்து, சோடியம் சல்பேட்டைப் படிகமாகப் பிரித்தெடுத்து மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். எல்லா உப்பும் அப்படித் திரும்புவதில்லை. பல உப்புகள் கலந்து, எதற்கும் உதவாத ஒரு மிச்சம் கடைசியில் நிற்கும். ‘கலப்பு உப்பு’ என்று சொல்லும் அதையும், சுத்திகரிப்பில் இறங்கும் வண்டலையும் கூரை போட்ட கொட்டகைகளில் மூட்டையாக அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. வண்டலில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. கலப்பு உப்புக்கு இன்னும் திருப்தியான வழி பிறக்கவில்லை. தண்ணீரைக் காய்ச்ச விறகு கொதிகலன்கள் எரிவதையும், அதன் புகையையும் சாம்பலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆற்றுக்குப் போகாமல் தடுத்ததை நான் பெரிய வெற்றியாகவே நினைக்கிறேன். ஆனால் ‘பூஜ்ஜியம்’ என்ற பெயர் தண்ணீருக்குத்தான் பொருந்துமே தவிர உப்புக்குப் பொருந்தாது.

இனி உங்கள் கிணறு. கொங்குப் பகுதியின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கும். அது மெதுவாகத்தான் நகரும். மழையும் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது. இதனால் பல ஆண்டுகளாக இறங்கிய உப்பை அலசி வெளியேற்றும் அளவுக்கு நல்ல தண்ணீர் கீழே போவதில்லை. அதே கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பாய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மண்ணிலேயே தங்குகிறது, அடுத்த மழையில் மறுபடி கிணற்றுக்கே இறங்குகிறது. இந்தச் சுற்று ஒருபுறமிருக்க, இரவில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் பட்டறைகள் அறவே ஒழிந்துவிட்டன என்றும் சொல்ல மாட்டேன். ஓடையில் நிறம் கண்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இது. கிணற்றுத் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனையும் சோடியம் விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. சோடியம் மிகுந்து மண் இறுகிப்போயிருந்தால் ஜிப்சம் இட்டு, மழைத் தண்ணீரை வரப்புக் கட்டித் தேக்கி, கீழே இறங்க விட வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் உதவும். வெறும் உப்புதான், சோடியம் விகிதம் அதிகமில்லை என்றால் ஜிப்சத்துக்குச் செலவழிப்பது வீண். அதற்கு நல்ல தண்ணீர்தான் மருந்து. பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் மூட்டை வாங்காதீர்கள்.

வீட்டில் மூன்று கூடை வைத்துக் குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறேன். வண்டி வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். நான் மட்டும் ஏன் மெனக்கெட வேண்டும்?
– வாசகி, சிங்காநல்லூர்

உங்கள் கோபம் நியாயமானது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துக் கொடுப்பது குடியிருப்போரின் கடமை என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறிவிட்டன. பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்வது உள்ளாட்சியின் கடமை என்பதும் அதே விதிகளில்தான் சொல்லப்பட்டது. வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறித்து, படத்தோடு வார்டு சுகாதார ஆய்வாளருக்கு அனுப்புங்கள். வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. தடுப்பு இல்லாத வண்டியை அவரிடம் கொடுத்தவர்கள் வேறு.

அதற்காகப் பிரிப்பதை நிறுத்திவிட வேண்டாம். நம் நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி சமையலறைக் கழிவு. அது பிளாஸ்டிக்கோடு கலந்து கோவையின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் மலையாகக் குவியும்போது உள்ளே காற்று புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் அழுகுவதால் மீத்தேன் உண்டாகிறது. கோடையில் கிடங்கு பற்றிக்கொண்டால் மேலே தண்ணீர் அடித்தும் அணையாமல் நாள்கணக்கில் புகைவதற்கு உள்ளிருந்து வரும் இந்த வாயுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் அதே குவியலிலிருந்து கறுப்பாகக் கசிந்து இறங்கும் நீர் அம்மோனியாவையும் உலோகங்களையும் நிலத்தடிக்குக் கொண்டுபோகிறது. போத்தனூர், வெள்ளலூர் மக்கள் வருடக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பது நம் எல்லோருடைய சாம்பார் மிச்சத்துக்காகவும்தான். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடந்தாலும், தினமும் புதுக் குப்பை கலந்தே வந்தால் அந்த வேலைக்கு முடிவே இராது.

வண்டிக்காரர் கலக்க முடியாதபடி செய்ய ஒரே வழி, மக்கும் குப்பையை வீட்டைவிட்டே அனுப்பாமலிருப்பது. பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம் போதும். மாடியிலோ பின்கட்டிலோ நிழலில் வையுங்கள். அடியில் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ ஒரு சாண் பரப்பி, அன்றாடக் கழிவைப் போட்டு, மேலே ஒரு கை தூளைத் தூவி, கொஞ்சம் புளித்த மோரைத் தெளித்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால் ஈரம் மிகுதி, தூளைக் கூட்டுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வருவதே சரியான பதம். ஒரு டிரம் நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு அடுத்ததில் தொடங்கினால், இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது கறுத்து மண்வாசனையோடு உதிரும். மீன், கறி எலும்பை மட்டும் இதில் போடாதீர்கள். நாயும் எலியும் உங்களுக்கு முன்னால் கிளறிவிடும்.

நாப்கினையும் குழந்தையின் டயப்பரையும் கொல்லையில் எரித்துவிடுகிறோம். இது தவறா?
– பல்லடம்

தவறுதான். அவற்றில் பெரும்பகுதி பிளாஸ்டிக் தாளும் ஈரத்தை உறிஞ்சும் செயற்கைத் தூளும் ஆகும். மருத்துவக் கழிவு எரிக்கும் உலையில் இரண்டாம் அறை 1050 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; குறைந்த சூட்டில் எரியும் பிளாஸ்டிக் நச்சுப்புகை கக்கும் என்பதே காரணம். கொல்லைத் தீ அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. தாளில் சுற்றி, அடையாளமிட்டுத் தனியாகக் கொடுங்கள். துவைத்துப் பயன்படுத்தும் துணி வகைகள் வசதிப்பட்டால் இன்னும் நல்லது.

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் கட்டிப் பதினைந்து வருடங்களாகின்றன, ஒருமுறைகூட நிரம்பவில்லை. தொட்டி நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? மேலும், லாரியில் எடுப்பதைத் தன் தோப்புக்கு விடச் சொல்லி ஒருவர் கேட்கிறார். விடலாமா?
– கோபிசெட்டிபாளையம்

நன்றாக இல்லை என்றுதான் பொருள். முறையாகக் கட்டிய செப்டிக் டேங்கில் நான்கு பக்கமும் அடியும் தண்ணீர் கசியாதபடி பூசப்பட்டிருக்கும். திடக்கழிவு அடியில் படியும், தெளிந்த நீர் மட்டும் மேல்குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். அடியில் படிவது சேர்ந்துகொண்டே வருமாதலால் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். பதினைந்து வருடம் நிரம்பாத தொட்டி பெரும்பாலும் அடி பூசாத வெறும் குழியாக இருக்கும், அல்லது அதன் குழாய் நேராகச் சாக்கடையில் இறங்கியிருக்கும். நம் ஊர்ப்பக்கம் ‘நிரம்பாத தொட்டி’ கட்டித் தருவதாகப் பெருமையோடு சொல்லும் கொத்தனார்கள் உண்டு. அவர் கட்டித் தருவது பக்கத்துப் போர்வெல்லுக்குப் போகும் வழி. குடிக்கும் கிணறு அருகில் இருந்தால் அதன் தண்ணீரில் நைட்ரேட்டைப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு அதில் பால் கரைத்துக் கொடுக்கக்கூடாது. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றும்போது கூடத்தான் செய்யும்.

தோப்புக்கு விடுவதைப் பொறுத்தவரை, உரச்சத்து இருப்பது உண்மை. ஆனால் பச்சைக் கழிவில் உள்ள குடற்புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுங்காலோடும் வெறுங்கையோடும் தோப்பில் வேலை செய்பவர்கள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள். மணல் படுகையில் உலர்த்தி, மற்ற மக்கும் குப்பையோடு சேர்த்துச் சூடேற மக்கவைத்த பிறகு அதை உரமாகப் பயன்படுத்தலாம். இதற்கென்றே கோவை மாவட்டத்தில் பெரியநாயக்கன்பாளையம் பகுதியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் முன்னோடி முயற்சி எடுக்கப்பட்டது. லாரிக்காரரிடம் வாடகை பேசும்போதே எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதையும் கேளுங்கள். தடப்பள்ளி வாய்க்காலில் போய்ச் சேருவதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். அது கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம்; தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது முதலில் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைத்தவர்கள் உயிரோடு ஏறி வரவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் சிறிய முலாம் பூசும் பட்டறை இருக்கிறது. சில மாதங்களாக எங்கள் போர் தண்ணீர் லேசான மஞ்சளாக வருகிறது. துரு என்கிறார்கள். வடிகட்டிக் குடிக்கலாமா?
– கணபதி, கோவை

குடிக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். துருவாக இருந்தால் காலையில் பெரும்பாலும் அடியில் செம்மண் நிறத்தில் படிந்து, மேலே தெளிந்திருக்கும். எதுவும் படியாமல் குவளை முழுக்க ஒரே எலுமிச்சை மஞ்சளாக நின்றால், முலாம் பூசப் பயன்படும் நச்சு வகையான ஆறிணைதிற குரோமியமாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிற அளவென்றால், குடிநீரில் அனுமதித்த லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று அர்த்தம். இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. துணியில் வடிகட்டுவதோ காய்ச்சுவதோ பயன் தராது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, ‘குரோமியம்’ என்று தனியாகக் குறிப்பிட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்; வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் அது வராமல் போகலாம்.

பட்டறை நடத்துபவருக்கும் ஒரு சொல். குரோமியக் கழிவுநீரை அமிலத்தன்மையில் வைத்து இரும்பு சல்பேட்டோ சோடியம் பைசல்பைட்டோ சேர்த்தால் நச்சு குறைந்த வடிவத்துக்கு மாறும். பிறகு சுண்ணாம்பு போட்டால் பச்சை நிற வண்டலாக அடியில் இறங்கிவிடும். சயனைடு தொட்டியின் கழிவை மட்டும் இந்த அமிலத் தொட்டியின் பக்கமே கொண்டுவரக்கூடாது. இரண்டும் கலந்தால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். இதெல்லாம் சிறு பட்டறைக்கும் இயலக்கூடிய வேலைதான். சிக்கல் அந்த வண்டலில் வருகிறது. அது அபாயக் கழிவு. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அதைப் புதைப்பதற்கென நீண்டகாலமாக இயங்கும் கிடங்கோ கும்மிடிப்பூண்டியில், கோவையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மாதம் இரண்டு சாக்கு வண்டல் சேரும் பட்டறைக்காரர் தனியாக லாரி பிடிக்க மாட்டார். அந்தச் சாக்கு ஏதாவது ஒரு இரவில் பள்ளத்துக்குள் விழும். பட்டறைகள் ஒன்றுசேர்ந்து பொதுவாகச் சேகரித்து அனுப்ப ஏற்பாடு செய்வதைத் தொழில் அமைப்புகளும் வாரியமும் கட்டாயமாக்காதவரை, அபராதம் போடுவதால் மட்டும் இது நிற்காது என்பது என் கருத்து.

நார் மில்லில் மட்டை ஊறவைக்கும் தண்ணீர் தென்னையிலிருந்து வருவதுதானே? அதில் என்ன கெடுதல் இருக்க முடியும்?
– பொள்ளாச்சி

இயற்கையிலிருந்து வந்ததென்றால் கெடுதல் இல்லை என்பது பரவலான நம்பிக்கை. மட்டையிலிருந்து இறங்கும் டானின்தான் தண்ணீரைத் தேநீர் நிறமாக்குகிறது. ஏற்றுமதிக்காக நார்த்தூளைக் கழுவும்போது அதிலுள்ள சோடியம், பொட்டாசியம் உப்புகள் கூடவே வெளியேறுகின்றன. வெளிநாட்டு வாங்குபவர் உப்பு வேண்டாம் என்று சொல்வதால் கழுவுகிறோம், அந்த உப்பு நம் தோப்பிலேயே தங்குகிறது. கழுவிய தண்ணீரைப் பள்ளத்தில் தேக்கினால் சுற்றியுள்ள கிணறுகள் பழுப்பேறும். நார் ஆலைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய தொழில்களுக்கான ஆரஞ்சு வகைக்கு மாற்றியதற்கு இத்தகைய புகார்களே அடிப்படை. அடி பூசிய தொட்டியில் தேக்கி, அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவதே முதல் படி.

குவிந்து கிடக்கும் தூளை எரிக்காமல், டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நல்ல உரமாகும் என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழி காட்டியிருக்கிறது. மக்காத பச்சைத் தூளை மண்ணில் கலந்தால் அது பயிரின் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மேலே மூடாக்காகப் பரப்புவதில் அந்தத் தொல்லை இல்லை.

காலியான பூச்சிமருந்துப் பாட்டில்களை என்ன செய்வது? மஞ்சள் காட்டில் குவிந்து கிடக்கின்றன.
– கொடுமுடி

மருந்து தீர்ந்தவுடனே, காய்வதற்குள், பாட்டிலில் கால்பங்கு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடுங்கள்; இப்படி மூன்று முறை செய்யுங்கள். காசு கொடுத்து வாங்கிய மருந்தும் வீணாகாது. பிறகு அடியில் ஆணியால் ஓட்டை போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் யாராவது எண்ணெய் வாங்க எடுத்துப்போவார்கள். காலிங்கராயன் வாய்க்காலில் கழுவவே கூடாது. ஓட்டை போட்டதைச் சாக்கில் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, அபாயக் கழிவு என்று சொல்லி உள்ளாட்சியிடம் கொடுங்கள். மருந்துக் கடைக்காரர் திரும்ப வாங்குவாரா என்றும் கேட்டுப் பாருங்கள். பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போட வேண்டாம்.

ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரின் நாற்றம் தாங்க முடியவில்லை. இதற்கு வழியே இல்லையா?
– இராசிபுரம்

இருக்கிறது, ஆலைக்காரருக்கு லாபமும் இருக்கிறது. மரவள்ளி மாவு கரைந்த தண்ணீர் திறந்த குட்டையில் புளிக்கும்போதுதான் அந்த நாற்றம் எழுகிறது. அதே தண்ணீரைக் காற்றுப் புகாத மூடிய கலனில் புளிக்கவிட்டால் வாயு கிடைக்கும். அதை எரித்து ஆலைக்கு வேண்டிய சூட்டையோ மின்சாரத்தையோ பெறலாம். சேலம், நாமக்கல் பகுதியில் சில ஆலைகள் ஏற்கெனவே இப்படிச் செய்துவருகின்றன. மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. எனவே உங்கள் ஊர் ஆலையில் மிச்சமிருப்பது அந்தத் திறந்த குட்டை மட்டுமே. கிராம சபைக் கூட்டத்தில், ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையைக் கேட்டு, அதில் எந்த வகைச் சுத்திகரிப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியிருப்பதும் குட்டையில் இருப்பதும் ஒன்றல்ல என்றால், அந்தத் தீர்மானத்தின் நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகலாம்.